வழிச்சாவடியும் வாக்குச்சாவடியும்

புதுவையிலிருந்து வடக்கே மரக்காணம் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில், நகரின் சந்தடி ஓய்ந்த சிறிது தொலைவில் ஓர் ஊர் இருக்கிறது. பெரிய முதலியார்சாவடி என்பது அதன் பெயர். சின்ன முதலியார்சாவடி என்று மற்றோர் ஊரும் அருகிலேயே உண்டு. கிழக்கே கடல், கரையில் மீனவர் படகுகள். மேற்கே செம்மண் மேடு. அதன்மேல் உலகறிந்த ஆரோவில். அதே சாலையில் மேலும் வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். வெயிலில் கண்கூசும் வெள்ளைக் குவியல்கள். அவற்றை வாரிக் குவித்துக் காய்ப்பேறிய கரிய கைகள்.

சாவடி என்றால் என்ன? வழிப்போக்கன் தங்குமிடம். நடந்து களைத்தவன் மூட்டையை இறக்கிவைத்து, இரவைக் கழித்து, விடிந்ததும் எழுந்து போகும் இடம். சாவடியில் படுத்துறங்கலாம், சாவடியைச் சொந்தமென்று சொல்ல இயலாது. ஊர் அத்தகையதன்று. ஊரிலே ஒருவனுக்குப் பேச்சு உண்டு, பங்கு உண்டு, பகையும் உண்டு, இறந்தபின் ஆறடி நிலமும் உண்டு. சாவடியில் இருப்பவன் விருந்தினன். ஊரில் இருப்பவன் உரியவன்.

இந்தச் சாவடிக் கரைக்குத் தனித்ததோர் வரலாறு உண்டு. பல நாடுகளில் வாழ்ந்து பார்த்து, எந்த நாடும் தமதெனத் தோன்றாமல், தமக்கென ஓர் இடம் வேண்டுமென்று தேடியவர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். இக்கரையின் துறைகளிலிருந்துதான், பிறந்த ஊரில் பிழைக்க வழியற்ற தமிழன் கப்பலேறிக் கண்காணாத் தீவுகளுக்குப் போனான். வந்தவரும் தேடினர்; போனவரும் தேடினர். இரு சாராரும் தேடிய பொருள் ஒன்றே.

ஓர் இடத்தை ஒருவனுக்கு ஊராக்குவது எது? மண்ணா? குருதியா? மொழியா? வழிபாடா? ஏடுகள் பலவும் இவற்றில் ஒன்றை விடையெனக் கூறும். நாம் வரலாற்றைக் கேட்போம்.

தேடி வந்தவர்கள்

ஆரோவில்லைத் தோற்றுவித்த மிர்ரா அல்ஃபாசா, அன்பர்களால் அன்னை என்று அழைக்கப்பட்டவர், 1878இல் பாரிசில் பிறந்தார். தந்தை துருக்கி நாட்டவர். தாய் எகிப்து நாட்டவர். பிள்ளை பிறந்து பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின், 1890இல்தான் அக்குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றது. பிறந்த நகரிலேயே அயலாராய்ப் பிறந்தவர் அவர். வளர்ந்தபின் அல்ஜீரியாவுக்குச் சென்றார். 1916 முதல் 1920 வரை ஜப்பானில் வாழ்ந்தார். 1920இல் புதுவைக்கு வந்து, 1973இல் இறக்கும்வரை இங்கேயே தங்கினார்.

ஆனால் அவர் புதுவை மண்ணில் முதன்முதல் கால்வைத்தது 1914இல். எதற்காக? ஞானம் தேடி என்று அன்பர்கள் கூறுவர். உடன் வந்த கணவர் பால் ரிஷார் வந்த காரியம் வேறொன்றும் உண்டு. பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் புதுவையிலிருந்து அனுப்பப்படும் உறுப்பினர் பதவிக்கு அவர் போட்டியிட வந்தார், போட்டியிட்டார், தோற்றார். எண்ணிப் பாருங்கள்! பாரிசிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஒருவர், இவ்வூர் மக்களின் பேராளர் ஆகலாமென்று வாக்குக் கேட்க முடிந்தது. ஆளும் இனத்தானுக்கு உலகம் முழுவதும் ஊர். ஆளப்படுபவனுக்கோ, தன் ஊரே சாவடி!

1968 பிப்ரவரி 28ஆம் நாள், செம்மண் பொட்டலில் ஆரோவில் தொடங்கப்பட்டது. 124 நாடுகளிலிருந்து இளைஞர்கள் ஒரு பிடி மண் கொணர்ந்து, தாமரை மொட்டு வடிவில் அமைந்த பளிங்குத் தாழியிலே இட்டனர். இந்நகரம் எவர் ஒருவருக்கும் சொந்தமன்று, மனித குலம் முழுமைக்கும் உரியது என்று சாசனம் கூறிற்று. திட்டமிட்டது 50,000 பேருக்கு. இன்று அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 60 நாடுகளைச் சேர்ந்த 3,300 பேர்.

அவர்கள் ஆற்றிய பணியைக் குறைத்துக் கூற மாட்டோம். மழை அரித்துப் பள்ளம் பறித்த வறண்ட மேட்டில் வரப்புயர்த்தினர், நீர் தேக்கினர், மரம் வளர்த்தனர். சுற்றுப்புறச் சிற்றூர்களின் தொழிலாளர் கைகளும் அதில் சேர்ந்து உழைத்தன. இன்று அங்கே காடு இருக்கிறது. காடு கண்முன் நிற்கும் சான்று. அதனை எந்தப் பகுத்தறிவாளனும் மறுக்க வேண்டியதில்லை.

நம் வினா வேறு. மண்ணைக் கலந்ததால் மனிதர் கலந்தனரா? மண்ணைக் கலத்தல் எளிது. ஒரு தாழி போதும். மனிதரைக் கலத்தற்குத் தாழி போதாது. அன்னை மறைந்த சில ஆண்டுகளிலேயே, எவருக்கும் சொந்தமில்லை என்ற நகரம் யாருக்குச் சொந்தம் என்று பூசல் எழுந்தது. நிருவாகம் நடத்திய சங்கம் ஒருபுறம், குடியிருந்தோர் மறுபுறம். 1980இல் நடுவணரசு சட்டமியற்றித் தலையிட்டது. எமது சமய உரிமையில் அரசு கைவைக்கிறது என்று சங்கத்தார் உச்ச நீதிமன்றம் ஏறினர். அரவிந்தரின் போதனை ஒரு சமயம் ஆகாது என்று 1982இல் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. 1988இல் ஆரோவில் அறநிறுவனச் சட்டம் நிறைவேறியது. ஆன்மிக நகரின் அடித்தளம் எது என்று தேடிப் பார்த்தால், நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கிடைக்கிறது!

மற்றொன்றும் கேளுங்கள். அங்கே முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு வாழ்ந்த அயல்நாட்டாரும் விசாவின் பேரில்தான் வாழ்கின்றனர். அவர்கள் நட்ட மரம் வேரூன்றிவிட்டது; நட்டவர் இன்னும் முத்திரைத் தாளில் நிற்கிறார். இந்த உண்மை அன்னைக்கே தெரிந்திருந்தது போலும். 1954 ஆகஸ்ட் 15ஆம் நாள், தாம் இந்தியக் குடியுரிமை பெற விரும்புவதாகவும், பிரெஞ்சுக் குடியுரிமையையும் விடாமல் வைத்துக்கொள்ள விரும்புவதாகவும் அவர் வெளிப்படையாக அறிவித்தார். எல்லை கடந்த ஆன்மா பற்றிப் பேசியவரும் இரு நாடுகளின் குடியுரிமையை நாடினார். இதை ஏளனமாகக் கூறவில்லை. மனிதத் தேவை அது என்பதற்காகவே கூறுகிறோம்.

கப்பலேறிப் போனவர்கள்

வந்தவர்களைப் பற்றி நூல்கள் பல. போனவர்களைப் பற்றி எத்தனை?

1848இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்கள், தங்களைச் சவுக்காலடித்த கரும்புத் தோட்டங்களில் தொடர்ந்து உழைக்க மறுத்தனர். தோட்ட முதலாளிகள் வேறு கைகளைத் தேடினர். ரெயூனியன் தீவுக்கும், அட்லாண்டிக் பெருங்கடலின் மறுகரையிலுள்ள மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் புதுவையிலும் காரைக்காலிலும் ஆள் பிடித்தனர். ஐந்தாண்டு ஒப்பந்தம், கைந்நாட்டு, கப்பல். 1853இல் மார்த்தினிக் தீவுக்கும், 1854இல் குவாதலூப்புக்கும் இந்தியத் தொழிலாளரை ஏற்றிய முதற் கப்பல்கள் சென்றன. 1861இல் ஆங்கில அரசும் பிரெஞ்சு அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையால் ஆங்கில இந்தியாவிலும் ஆள் சேர்க்க வழி திறந்தது. குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேர் கொண்டுபோகப்பட்டனர்.

ஏன் போனார்கள்? பேராசையாலா? பஞ்சம் துரத்தியது, கடன் துரத்தியது, உழுதவனுக்கு நிலமில்லை என்ற ஊர்க்கட்டு துரத்தியது. கடல் கடந்தால் தீட்டு என்று சாத்திரம் பேசியவன் கரையிலேயே நின்றான். கரையிலும் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவன், இழப்பதற்கு ஏதுமின்றிக் கப்பலேறினான்.

போன இடத்தில் பெயர் சிதைந்தது, மொழி தேய்ந்தது. ரெயூனியனில் தமிழனுக்கு மலபார் என்று பெயரிட்டனர். பேரன் காலத்தில் தமிழ் நாவிலிருந்து நழுவியது. கோயிலும் மாரியம்மனும் மிஞ்சின. அவைதாம் அவர்களை அம்மண்ணுக்கு உரியவர் ஆக்கினவா? இல்லை. அதற்கு வேறொருவர் வேறொரு வழியில் போராட வேண்டியிருந்தது.

ஆன்ரி சிதம்பரம் என்பது அவர் பெயர். குவாதலூப் தீவில் காப்பெஸ்டெர் என்னும் ஊரில், இந்தியத் தொழிலாளர் குடும்பத்தில் 1863இல் பிறந்தவர். இந்தியரின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்கலாகாது என்று 1904இல் தீவின் ஆட்சி தடை எழுப்பியது. நீங்கள் ஒப்பந்தக் கூலிகளின் மக்கள், அயலார், வந்தவழி போகலாம் என்பது அதன் பொருள். சிதம்பரம் பணியவில்லை. இம்மண்ணில் பிறந்தோம், இம்மண்ணில் உழைத்தோம், இம்மண்ணின் சட்டத்துக்கு அடங்கி நடந்தோம், ஆகவே எமக்கு வாக்குண்டு என்று வழக்காடினார். ஓராண்டன்று, ஈராண்டன்று, பத்தொன்பது ஆண்டுகள்! 1923இல் வென்றார். 1952இல் மறைந்தார். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அவர் பெயர் இல்லாவிட்டாலும், அத்தீவின் இந்திய மக்கள் அவரை இன்றும் நினைவுகூர்கின்றனர்.

பாரிசு பால் ரிஷாருக்குப் புதுவையில் வாக்குக் கேட்க உரிமை இருந்தபோது, புதுவைத் துறையில் கப்பலேறியவர்களின் மக்களுக்குக் குவாதலூப்பில் வாக்குப் போடவே உரிமை மறுக்கப்பட்டது. ஒரே கொடி, ஒரே சட்டம், ஒரே காலம். இந்த ஒப்பீட்டை இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பெயரைத் துறந்தவர்கள்

ஊரைவிட்டுப் போகாமலே ஊர் தேடியவர்களும் உண்டு. 1873இல் புதுவை வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, ஐரோப்பியர் அணிவது போன்ற காலணியுடன் நீதிமன்றத்துள் நுழைந்தார். இந்தியன் காலணியோடு வருவதா என்று வெளியேற்றினர். பாரிசு உயர் மன்றம் வரை வழக்காடி வென்றார். ஒரு சோடிக் காலணிக்கா இத்தனை வழக்கு என்று கேட்பவன், காலணி அணிந்தமைக்காக அடிபட்ட தமிழ்நாட்டுச் சேரி மக்களின் கதையை அறியாதவன்.

1881 செப்டம்பரில் ஒரு சட்டம் வந்தது. சாதி வழக்கங்களின்மேல் எழுந்த தனிச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொள்பவர் அனைவரும் பிரெஞ்சுக்காரரோடு ஒத்த உரிமையுடையவர் என்றது அது. பொன்னுத்தம்பி லபோர்த் என்று பெயர் பூண்டார். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு வாயில் என்று பொருள். அவ்வாயில் வழியே நுழைந்தவர்களில் ஒடுக்கப்பட்ட மக்களும் கிறித்தவர்களும் பலர். பெயரை மாற்றினார்கள் என்று பழித்தவர் உண்டு. பெயரைச் சொன்னதும் சாதியைக் கேட்கும் நாட்டில், பெயரை மாற்றியவன் மீது பழியா, மாற்ற வைத்தவன் மீது பழியா?

உயர்சாதிக் கட்சி சும்மா இருக்கவில்லை. சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் அது வலுப்பெற்றது. 1884இல் வாக்காளர் பட்டியலே மூன்றாகப் பிரிக்கப்பட்டது: ஐரோப்பியர் ஒரு பட்டியல், தனிச் சட்டம் துறந்தவர் ஒரு பட்டியல், துறவாதவர் ஒரு பட்டியல். சமத்துவம் என்று கல்லில் பொறித்த குடியரசு, காகிதத்தில் மூன்று வேலிகள் போட்டது.

துறந்தவர்களில் பலர் கப்பலேறிச் சைகோனுக்குப் போயினர். அங்கே எழுத்தர், காவலர், வரி அலுவலர், படைவீரர் ஆயினர், வாக்குரிமையும் பெற்றனர். வியட்நாமியன் கண்ணுக்கு அவர்கள் வெள்ளையனின் கையாட்கள்; வெள்ளையன் கண்ணுக்கோ கறுப்புத் தோலர். 1954இல் பிரான்சு அந்நாட்டைவிட்டு வெளியேறியபின், பிறந்தது புதுவையில், உழைத்தது சைகோனில், குடியுரிமை பாரிசில் என்று மூன்று கரைகளுக்கிடையே நின்றனர்.

புதுவையிலும் அந்த ஆண்டே ஆட்சி மாறியது. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய 178 பேராளர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நிகழ்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரலாம் என்றனர். ஏறத்தாழ 5,000 பேர் எழுதித் தந்தனர். எழுதித் தந்தவர் வீட்டுப் பிள்ளைக்குப் பாரிசு திறந்தது; எழுதித் தராத அண்டை வீட்டுப் பிள்ளைக்கு மூடியது. குருதி ஒன்று, தெரு ஒன்று, மொழி ஒன்று. ஒரு தாள் இருவரையும் இரு நாட்டவர் ஆக்கியது. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் புதுவையில் வாக்குச்சாவடி திறக்கப்படுவது இன்றும் காணும் காட்சி.

தேயிலைக்கு உரமானவர்கள்

பிரெஞ்சு எல்லையை அடுத்த ஆங்கில மாவட்டங்களின் மக்கள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போயினர். இலங்கை மலைகளில் முதலில் காப்பி; காப்பிக்கு நோய் வந்தபின் தேயிலை. காட்டை அழித்து மலையை மாலையாக்கியவன் தமிழ்த் தொழிலாளி. 1947 தேர்தலில் அம்மக்களின் இயக்கம் ஏழு உறுப்பினரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே, 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர் ஆக்கியது. 1949இல் வாக்கும் பறிபோனது. ஏழு பேரை அனுப்பினாயே, அதுவே உன் குற்றம் என்று சொல்லாமற் சொன்னார்கள்.

1964 அக்டோபர் 30இல் இரு நாட்டுத் தலைமையமைச்சர்கள் கையொப்பமிட்டனர். கணக்கில் வந்தவர் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000; இலங்கைக்கு 3,00,000; எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்றனர்; 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டனர். சந்தையில் மந்தையைப் பிரிப்பவனாவது மாட்டின் முகத்தைப் பார்ப்பான். இங்கே எவரும் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. நீ எங்கே வாழ விரும்புகிறாய் என்று முதலில் கேட்கவுமில்லை. கண்டியில் பிறந்து கண்டியில் வளர்ந்தவன், பாட்டன் சொன்ன ஊர்ப்பெயரை மட்டும் சுமந்து மண்டபத்தில் வந்திறங்கினான். அங்கே அவனைக் கள்ளத்தோணி என்றனர். இங்கே சிலோன்காரன் என்றனர். இரு நாட்டிலும் அவன் மொழி வழங்கியது. இரு நாட்டிலும் அவன் வணங்கும் கோயில் இருந்தது. ஊர்தான் இல்லை! அங்கே எஞ்சி வாழ்ந்தவர்க்குக் குடியுரிமை வழங்கும் முழுமையான சட்டம் 2003இல்தான் வந்தது. இடையில் கழிந்தவை ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

மாறான ஒரு காட்சியையும் காண வேண்டும். திருவாரூரில் பிறந்து 1924இல் சிங்கப்பூர் சென்றவர் கோ. சாரங்கபாணி. தன்மதிப்பு இயக்கக் கருத்துகளில் ஊறியவர். 1935இல் 'தமிழ் முரசு' ஏட்டைத் தொடங்கினார். சாதி வேற்றுமையை ஒழிக்க ஊர்க்கூட்டம் கூட்டினார்; தமிழர் திருநாள் கண்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, 1950களின் பிற்பகுதியில் தமிழ்த் தொழிலாளரிடம் சென்று, குடியுரிமைக்குப் பதிவு செய்யுங்கள் என்று ஓயாமல் வற்புறுத்தினார். ஊருக்குப் பணம் அனுப்பி ஊர்க்கனவு கண்டுகொண்டிருந்தவனை, நீ உழைக்கும் இந்த நகரமே உன் ஊர், இதில் உரிமை கேள் என்றார். சிங்கப்பூரில் தமிழ் இன்று ஆட்சிமொழிகளுள் ஒன்று. புலம்பிப் பெற்ற சிறப்பன்று அது. பதிவு செய்து பெற்றது.

ஒரே சாலையில் மூவர்

மீண்டும் நம் கடற்கரைச் சாலைக்கு வருவோம். இச்சாலையில் மூவரைச் சந்திக்கலாம்.

முதலாமவர், பெரிய முதலியார்சாவடிக்கு மேற்கே ஆரோவில்லில் வாழும் அயல்நாட்டார். அவருக்கு இங்கே வாக்கில்லை, ஆனால் மதிப்புண்டு. தேநீர்க் கடையில் நாற்காலி தானாக நகர்ந்து இடந்தரும். அவருடைய சாதியை எவரும் கேட்பதில்லை.

இரண்டாமவர், வடக்கே கீழ்புத்துப்பட்டு முகாமில் வாழும் ஈழத்தமிழர். 1983க்குப் பின் உயிருக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்தவர்களின் குடும்பம். அவர் பேசுவது நம் மொழி. உண்பது நம் உணவு. அவர் பிள்ளை இம்மண்ணிலேயே பிறந்து, இம்மண்ணின் பள்ளியில் திருக்குறள் படித்தது. ஆயினும் குடியுரிமை இல்லை, வாக்கில்லை. 2019இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டமும் இலங்கையிலிருந்து வந்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டு முகாம் ஒன்றில் வாழும் பெண்ணொருவர், இந்திய மண்ணில் பிறந்தமையை மெய்ப்பித்து, 2022இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் ஆணை பெற்று, 2024 ஏப்ரலில் முதன்முறை வாக்களித்தார். சிதம்பரம் குவாதலூப்பில் தொடுத்த வழக்கு, நூறாண்டுக்குப் பின் தமிழகத்திலேயே மீண்டும் தொடுக்கப்பட வேண்டியிருந்தது!

மூன்றாமவர், எங்கும் போகாதவர்; எங்கிருந்தும் வராதவர். உப்பளத்தில் உப்பு வாரும் சேரித் தமிழர். அவருக்கு வாக்குண்டு, 1950 முதல் அரசமைப்புச் சட்டமும் அவர் பக்கம். மொழி, மண், குருதி எல்லாம் அவருடையவையே. ஆயினும் நம் பேச்சு வழக்கிலேயே ஊர் வேறு, சேரி வேறு. ஊர் என்று நாம் சொல்லும்போதே அவரை வெளியே நிறுத்திவிட்டுத்தான் சொல்கிறோம். 2013 ஏப்ரல் 25ஆம் நாள் இதே சாலையில், மரக்காணத்தில் சாதிக் கலவரம் மூண்டு ஒடுக்கப்பட்ட மக்களின் குடிசைகள் தீக்கிரையாயின. பாட்டன் காலத்திலிருந்து ஒரே இடத்தில் வாழ்ந்தவர்கள், ஒரு பிற்பகலில் வீடற்று நின்றார்கள். 1931 ஆகஸ்டில் காந்தியாரை முதன்முறை சந்தித்தபோது, தமக்குத் தாயகம் இல்லை என்றார் அம்பேத்கர். பல நாடுகளில் கற்றுத் திரும்பிய பேரறிஞர் அவர். நியூயார்க்கிலும் இலண்டனிலும் கிடைத்த தங்குமிடம், பரோடாவில் அவருக்குக் கிடைக்கவில்லை. அச்சொல்லின் சூட்டை அறிய மும்பை போக வேண்டியதில்லை, மரக்காணம் போதும்.

ஒருவர்க்கு மதிப்பு உண்டு, வாக்கில்லை. ஒருவர்க்கு உறவு உண்டு, உரிமையில்லை. ஒருவர்க்கு வாக்கு உண்டு, மதிப்பில்லை. மூவருக்கும் ஊர் முழுமையாக இல்லை. மூவரும் சாவடியில்தான் இருக்கின்றனர்.

எது ஊர்?

ஆகவே விடை தெளிவாகிறது. மண் ஊராக்கவில்லை; ஆக்குமெனில் சேரித் தமிழனுக்கு ஊர் இருந்திருக்கும். மொழி ஊராக்கவில்லை, ஆக்குமெனில் முகாமில் கம்பிவேலி இராது. வழிபாடு ஊராக்கவில்லை, ஒரே கோயில் தேரின் வடத்தைத் தொட ஒருவனுக்கு அனுமதியும் மற்றவனுக்கு அடியும் கிடைத்த நாடு இது. சட்டம் தரும் சம உரிமை, அயலான் தரும் சம மதிப்பு, இரண்டும் கூடுமிடமே ஊர். ஒன்றிருந்து ஒன்றில்லையேல், மாளிகையாயினும் அது சாவடியே.

வழிச்சாவடி என்ற சொல்லில் இருக்கும் அதே சாவடிதான் வாக்குச்சாவடி என்ற சொல்லிலும் இருக்கிறது. முன்னதில் நுழைபவன் வழிப்போக்கன். பின்னதில் நுழைபவன் ஊருக்கு உரியவன். பத்தொன்பது ஆண்டுகள் போராடிச் சிதம்பரம் கடந்த தொலைவு, இவ்விரு சாவடிகளுக்கும் இடைப்பட்ட தொலைவே. ஆனால் வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வந்தவன் தன் தெருவுக்குத் திரும்ப வேண்டும். அத்தெரு அவனை மனிதனாக ஏற்காவிடில், அவன் பெற்ற வாக்கும் பாதி வாக்கே.

தெருவை மாற்ற இந்நாட்டில் முயற்சியே இல்லையா? உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது தன்மதிப்பு மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானித்தது. சாவடியின் பெயரிலுள்ள பட்டம் அப்படியே நின்றாலும், அவ்வூர் இளைஞன் பெயரில் இன்று பட்டமில்லை. அத்தீர்மானத்தின் பயன் அது. 1998இல் மதுரையை அடுத்த மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகள், அடுத்தடுத்த வாயில்களில் வெவ்வேறு சாதியார், அனைவருக்கும் ஒரே இடுகாடு. 124 நாட்டு மண்ணுமில்லை, பளிங்குத் தாழியுமில்லை. ஒரே நாட்டின், ஒரே வட்டாரத்தின் மக்களைப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வைக்கும் முயற்சி; அதனினும் கடினமானது எது? சில இடங்களில் அவ்வீடுகள் பழுதுபட்டுக் கிடப்பதும் உண்மை. கட்டியதைக் காக்காமை நம் குறை, எண்ணத்தின் குறையன்று.

உலகத்தையே ஊராகக் கண்ட கணியன் பூங்குன்றனார் நம் மொழியில்தான் பாடினார். அப்பாட்டை ஐக்கிய நாடுகள் மன்றம் வரை எடுத்துச் சென்று பெருமை பேசுகிறோம். பெருமை தவறன்று. ஆனால் அதைப் பாடத் தகுதி வேண்டும். ஊரும் சேரியும் ஒன்றாகாத நாட்டில் நின்றுகொண்டு உலகம் ஒன்று என்பது, அடுப்பெரியாத வீட்டில் விருந்துக்கு ஆளனுப்புவது போன்றது.

இளைஞர்களே! ஊர் தேடிப் பல நாடு சுற்றுபவரைக் கண்டு வியக்கவும் வேண்டா, நகைக்கவும் வேண்டா. உங்களில் பலர் நாளை துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் இலண்டனுக்கும் போவீர்கள். அங்கே அயலாராய் நிற்பதன் கசப்பை அறிவீர்கள். போகுமுன் இங்கே செய்ய வேண்டியவை உள்ளன. உங்கள் வட்டாரத்தில் முகாம் இருந்தால், அங்கே பிறந்த பிள்ளையின் குடியுரிமை மனுவை எழுத உதவுங்கள். உங்கள் ஊரில் இரண்டு இடுகாடு இருந்தால், ஒன்றாக்கும் வரை ஓயாதீர்கள். நீங்கள் அமரும் நாற்காலியில் அமர இயலாதவர் தேநீர்க் கடையில் எவரேனும் இருந்தால், நீங்களும் எழுந்து நில்லுங்கள்.

பெரிய முதலியார்சாவடிக் கரையில் நின்றால், கப்பலேறிப் போனவர்களின் திசையும் தெரியும். கப்பலிறங்கி வந்தவர்களின் காடும் தெரியும். இரண்டுக்கும் நடுவே, நாம் வாழும் தெரு இருக்கிறது. அதனை ஊராக்கும் வேலை நம்முடையது.